200 வெளிநாட்டு டை-அப் இருக்குன்னு சொல்ற யுனிவர்சிட்டில பையனை சேர்க்கலாமா?

வணக்கம் சார், நீங்க அனுப்பின ப்ரோஷர் முழுசும் பாத்தேன், பையனோட மார்க்கும் பாத்தேன். கட்ஆஃப் 186 நல்ல மார்க்குதான், முதல்ல அதை அவன்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, ரெண்டு வாரமா வீட்ல நடக்கிற பேச்சுல பையன் வாடிப்போயிருப்பான்.

அந்த யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் லெவல்னு சொல்றாங்க, லோன் போட்டாவது மெக்கானிக்கல்ல சேர்த்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்னு எடுத்த எடுப்புல நான் சொல்லமாட்டேன், ஆனா அந்த பேரால உங்க பையன் கைக்கு என்ன வரப்போகுதுன்னு தெரியாம அட்வான்ஸ் மட்டும் கட்டிடாதீங்க.

முதல் பக்கத்துலயே க்யூஎஸ் (உலக யுனிவர்சிட்டிகளை மதிப்பிடற ஒரு கம்பெனி) 5 ஸ்டார்னு பெருசா போட்டிருக்காங்க பாருங்க, அது ரேங்க் கிடையாது சார், காலேஜே பணம் கட்டி தன்னை மதிப்பீடு பண்ணச்சொல்லி வாங்கற ரேட்டிங். க்யூஎஸ் உலக ரேங்கிங் வேற. அதுலயும் 30 சதவீத வெயிட்டேஜ் மத்த ப்ரொஃபசர்கள்கிட்ட சர்வே எடுத்து வர்ற பேருக்கு, 20 சதவீதம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மத்தவங்க மேற்கோள் காட்டறதுக்கு, வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸ் எத்தனை பேருங்கறதுக்கு வெறும் 5, வெளிநாட்டு ஃபேகல்டிக்கு இன்னொரு 5. உங்க பையன் உக்காரப்போற செகண்ட் இயர் லேப்ல மெஷின் ஓடுதா, பாடம் ஒழுங்கா நடக்குதாங்கறது இதுல எதுலயும் நேரடியா தெரியாது. டைம்ஸ்ங்கற இன்னொரு ரேங்கிங் கம்பெனியோட இம்பாக்ட் ரேங்கிங்னு 4ஆம் பக்கத்துல இருக்கே, அது ஐநா சபையோட நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கு காலேஜ் என்ன பண்ணுதுன்னு பாக்கறது, நல்ல விஷயம்தான், ஆனா அதை வச்சு மெக்கானிக்கல் சீட் முடிவு பண்ண முடியாது.

உண்மையான வெளிநாட்டு தொடர்பு எப்படி இருக்கும்னா ஐஐடி மெட்ராஸை எடுத்துக்கங்க. 1959ல மேற்கு ஜெர்மனி உதவியோட ஆரம்பிச்சது, அங்கேருந்து ப்ரொஃபசர்கள் வந்து பாடம் நடத்தினாங்க, லேபுக்கு மெஷின் வந்துச்சு, நம்ம வாத்தியார்கள் அங்க போய் ட்ரெய்னிங் எடுத்தாங்க, அந்த உறவு இன்னிக்கும் ஓடிட்டிருக்கு. 2023ல ஆப்பிரிக்காவுல, தான்சானியா நாட்டு சான்சிபார்ல கேம்பஸே திறந்துட்டாங்க. ஆனா இதே ஐஐடி மெட்ராஸ் 2020ல இன்னும் 6 ஐஐடியோட சேர்ந்து டைம்ஸ் உலக ரேங்கிங்ல கலந்துக்கமாட்டோம்னு சொன்னது. அதுக்காக அங்க படிச்சவங்களை வெளிநாட்டு யுனிவர்சிட்டிகள் ஒதுக்கிடல, ஏன்னா முன்னாடி போன சீனியர்கள் அங்க வேலை செஞ்சு காட்டின பேர் அது.

இப்ப உங்க ப்ரோஷருக்கு வருவோம். உலக மேப்ல 200 கொடி குத்தியிருக்கு. நீங்க நேர்ல போகும்போது அட்மிஷன் கவுன்டர்ல கேக்காதீங்க, இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் ஆபீஸ் எங்கன்னு விசாரிச்சு போய், போன வருஷம் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்லருந்து ஒரு முழு செமஸ்டர் வெளிய படிக்க போனவங்க யாரு, எந்த யுனிவர்சிட்டி, அங்க எடுத்த கிரெடிட் இங்க மார்க்ஷீட்ல ஏறுச்சா, ட்யூஷன் ஃபீஸ் அங்க தனியா கட்டினாங்களான்னு கேளுங்க. எக்ஸ்சேஞ்ச்னா பொதுவா இங்க கட்டற ஃபீஸே போதும், ஸ்டடி அப்ராட்னா அங்கத்த ஃபீஸ் முழுசா நம்ம தலைமேல. ரெண்டு வாரம் மலேசியாவோ துபாயோ கூட்டிட்டு போய் பார்ட்டிசிபேஷன் சர்ட்டிபிகேட் கொடுக்கறதையும் க்ளோபல் இம்மெர்ஷன்னு சொல்லி இதே கணக்குல சேர்க்கறாங்க, அது டூர் சார், செமஸ்டர் இல்ல. ரெண்டு டிகிரி கிடைக்கும்னு சொன்னா, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ரூல்படி அது ட்வின்னிங்கா, ஜாயின்ட்டா, டூயலான்னு எழுத்துல கேளுங்க, ட்வின்னிங்னா அங்க போய் படிச்சாலும் டிகிரி இந்திய யுனிவர்சிட்டியோடது மட்டும்தான், ஜாயின்ட்னா ரெண்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரே சர்ட்டிபிகேட், டூயல்னா ரெண்டும் தனித்தனியா டிகிரி.

எல்லாத்தையும் விட நான் முக்கியமா பாக்கறது என்பிஏ (இன்ஜினியரிங் மாதிரி கோர்ஸ்களோட தரத்தை பாத்து அங்கீகாரம் தர்ற இந்திய அமைப்பு) தர்ற டயர் 1 அக்ரெடிடேஷன். இன்ஜினியரிங் படிப்பை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கற ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டுல இந்தியா 2014ல முழு மெம்பர் ஆயிடுச்சு, அதுல இருக்கிற அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல நம்ம இன்ஜினியரிங் படிப்பை சமமா எடுத்துக்கறது டயர் 1 அக்ரெடிடேஷன் உள்ள கோர்ஸுக்குத்தான், டயர் 2க்கு அது கிடையாது. இது காலேஜுக்கு மொத்தமா வர்றதில்ல, கோர்ஸ் கோர்ஸா தர்றாங்க, அதுக்கு முடிவு தேதியும் இருக்கு. டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்) கவுன்சிலிங்ல பையனுக்கு கிடைக்க வாய்ப்பு இருக்கிற சில அட்டானமஸ் காலேஜ்ல டயர் 1 கோர்ஸ் இருக்கு, ஃபீஸும் இதுல ஒரு பங்குதான், ப்ரோஷர்ல கொடி இல்லைங்கறதுக்காக அதை தள்ளிடாதீங்க.

பையனுக்கு ஜெர்மனி போய் மாஸ்டர்ஸ் படிக்கணும்னு ஆசைன்னு எழுதியிருந்தீங்க. அப்படின்னா அந்த பணத்தை இப்பவே செலவு பண்ணாம வைங்க. அங்க பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டில ட்யூஷன் ஃபீஸ் இல்ல, பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்துல செமஸ்டருக்கு 1500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில 2024லருந்து நம்ம மாதிரி நாட்டுக்காரங்களுக்கு ஃபீஸ் வந்துடுச்சு. ஆனா செலவுக்கு ப்ளாக்டு அக்கவுன்ட்ல (மாசாமாசம் கொஞ்சமாத்தான் எடுக்கமுடியும்) வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், இன்னிக்கு நீங்க லோன் போட்டு இங்க கட்டிட்டா அன்னிக்கு அதுக்கு எங்க போவீங்க? நம்ம படிப்பு சர்ட்டிபிகேட்டெல்லாம் உண்மைதான்னு சரிபாத்து தர்ற ஏபிஎஸ் சர்ட்டிபிகேட்டும் வேணும். அங்க சேர்க்கும்போது உங்க யுனிவர்சிட்டி, வெளிநாட்டு யுனிவர்சிட்டிகளை ஜெர்மனி வகைப்படுத்தி வச்சிருக்கிற அனாபின் லிஸ்ட்ல ஹெச் ப்ளஸ்ல (அங்கீகாரம் உள்ளதுன்னு அர்த்தம்) இருக்கா, மார்க் என்னன்னுதான் முதல்ல பாப்பாங்க, டை-அப் எண்ணிக்கையை இல்ல.

அந்த யுனிவர்சிட்டி மெக்கானிக்கலுக்கு என்பிஏ எந்த டயர், எந்த வருஷம் வரைக்கும்னு என்பிஏ சைட்லயே பாத்து எனக்கு அனுப்புங்க, டிஎன்இஏ சாய்ஸ் ஃபில்லிங் ஆரம்பிக்கறதுக்குள்ள பையனையும் கூட வச்சு ஒரு கால் பேசிடலாம், அவன் பேசட்டும், நாம கேப்போம்.