புதிய டிஜிட்டல் ஊடகங்கள் பார்வையாளர்களை எப்படி மாற்றியிருக்கின்றன?

இதற்கு வழக்கமாக வரும் பதில், "முன்பு சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் இப்போது தாங்களே எடுத்துப் போடுகிறார்கள்" என்பது. பாதி உண்மைதான். 2005-ல் யூடியூபில் முதன்முதலாக ஏற்றப்பட்ட வீடியோவே, அதைத் தொடங்கிய மூவரில் ஒருவர் மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய ஒரு குட்டித் துண்டு, இருபது வினாடிகூட வராது. ஆனால் இன்றைக்கும் பெரும்பாலானவர்கள் எதையும் போடுவதில்லை, கமெண்ட்கூட எழுதாமல் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் நடந்திருப்பது இந்தச் சும்மா பார்க்கிற கூட்டத்துக்குத்தான். அவர்கள் பார்ப்பது வினாடி வினாடியாகக் கணக்கில் ஏறுகிறது.

தொலைக்காட்சி காலத்திலும் கணக்கு எடுத்தார்கள், ஆனால் குறிப்பிட்ட சில வீடுகளில் கருவி வைத்து அதிலிருந்து மொத்தத்தையும் ஊகிப்பார்கள். நீங்கள் விளம்பரத்தின்போது எழுந்து போனால் யாருக்கும் தெரியாது.

நான் வீடியோ எடிட்டிங் செய்கிறவன். ஒரு வீடியோ வெளியானதும் அதை எத்தனை சதவீதம் பேர் எதுவரை பார்த்தார்கள் என்று ஒரு கோடு வரும். தொடக்கத்தில் அது சறுக்குமரம் மாதிரி இறங்கும், "வணக்கம், நம்ம சேனலுக்கு வரவேற்கிறேன், நான் யார்னா..." என்கிற இடத்தில் இன்னும் செங்குத்தாக. நடுவில் எங்காவது ஒரு சின்ன மேடு தெரிந்தால், அந்த இடத்தை ஆட்கள் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் நேராக அங்கே தாவி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த வீடியோவில் வணக்கம் காணாமல் போகும், மேடு வந்த மாதிரி விஷயம் முதல் வரியிலேயே வந்து நிற்கும். பார்வையாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கட்டைவிரலால் தள்ளிவிட்டார், அவ்வளவுதான், ஆனால் எழுதுகிறவர் பேசுகிறவர் வெட்டுகிறவர் எல்லாரும் அந்த விரலுக்குப் பயந்துதான் வேலை செய்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. யூடியூப் 2012-ல் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்க ஆரம்பித்தது. வீடியோவுக்கு நடுவே விளம்பரம் வைக்கப் பத்து நிமிட நீளம் வேண்டும் என்றிருந்தது, 2020-ல் அது எட்டு நிமிடமானது. இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக் கூடிய விஷயத்தை எட்டரை நிமிடத்துக்கு இழுக்கிறார்களே என்று எரிச்சல்படுகிறீர்கள் இல்லையா, அதற்கு இதுவும் ஒரு காரணம். பார்க்கிறவரும் சும்மா இல்லை, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்!

அப்புறம், நேரம். நெட்ஃபிளிக்ஸ் 2012-13 வாக்கில் தன் தொடர்களை முழு சீசனாக ஒரே நாளில் வெளியிட ஆரம்பித்தது. அடுத்து என்ன ஆகும் என்று வாரம் முழுக்க ஊகித்துப் பேசிக்கொண்டிருந்தது பல தொடர்களுக்கு அதோடு போயிற்று. நிம்மதி என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன்தான்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. "இப்ப எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க" என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் அதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம், அவரவர் திரையில் அவரவருக்கு வந்தது அதுதான். செய்தித்தாளில் நமக்குப் பிடிக்காத செய்தியும் அதே பக்கத்தில் கிடக்கும், புரட்டும்போதாவது கண்ணில் படும். இங்கே நீங்கள் நின்று பார்த்ததை ஒட்டியே அடுத்தது வருகிறது, கோபத்தில் நின்று பார்த்தீர்களா ஆசையில் பார்த்தீர்களா என்பது அடுத்து எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கிற மென்பொருளுக்குப் பெரும்பாலும் தெரியாது. திட்டுவதற்காகவே ஒருவருடைய வீடியோக்களைப் பார்த்தால் அவருடையதே இன்னும் நாலு வந்து நிற்கும்.

சரி, இதெல்லாம் எவ்வளவு தூரம் உங்களைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்துவிட்டு, அது பதிவாவதையும் நிறுத்திப் பாருங்கள். 2023-லிருந்து அப்படிச் செய்தால் முகப்பில் பரிந்துரை எதுவும் வராது. தேடல் பெட்டி இருக்கும், சந்தா செய்த சேனல்கள் இருக்கும், என்ன பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். வேலைக்கு வைத்திருக்கும் கணக்கில் நான் அதை நிறுத்த முடியாது, சொந்தக் கணக்கில் நிறுத்திவிட்டேன்.