வில்லன் நாயகன் ஏன் சலிப்பூட்டுகிறான்?

மெய்நிகர் விளையாட்டுக்குள் நடக்கும் உங்கள் நாவலின் பன்னிரண்டு அத்தியாயங்களில் நாயகன் ஊர் ஊராக எரிக்கிறான், அதைப் படித்துப் பார்த்த நண்பர்களோ கொட்டாவி விடுகிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவன் கெட்டவனாக இருப்பதில் கோளாறு இல்லை. ஆனால் அந்த விளையாட்டில் செத்தவன் அடுத்த நிமிடமே எழுந்து வருகிறான். பிறகு கொலைக்கு என்ன கனம்?

குகானே மருயாமாவின் ‘ஓவர்லார்ட்’ என்ற ஜப்பானிய நாவல் வரிசையின் 7ஆம் தொகுதியைப் படித்துப் பாருங்கள். ஓர் இணைய விளையாட்டின் சர்வர் மூடும் இரவில், அதில் தான் ஆடிய எலும்புக்கூடு உடலோடு வேற்றுலகில் மாட்டிக்கொண்ட அலுவலக ஊழியன்தான் நாயகன். அவன் ஆளும் கல்லறைக் கோட்டைக்குள் கூலிக்கு நுழையும் ஒரு குழுவோடு ஆசிரியர் முதலில் நம்மைப் பழகவிடுகிறார். அந்தக் குழுவில் பெற்றோரின் கடனை அடைக்கும் ஒரு பெண், வீட்டில் காத்திருக்கும் அவளுடைய இரட்டைத் தங்கைகள். அதன் பிறகுதான் அழிவு. எனக்கு வயிறு கலங்கியது, புத்தகத்தை மூட மட்டும் மனம் வரவில்லை.

உங்கள் கதையில் நாயகன் எரிக்கும் மருந்துக் கடைக்காரர் ஒருவரைச் சொன்னீர்களே, அவரை எரிப்பதற்கு முன் அவருக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். கடன் நோட்டில் நாயகனின் பெயரை எழுதிக்கொண்டு, “அடுத்த வாரம் தந்தால் போதும் தம்பி” என்று அவர் சொல்லட்டும். சாவுக்கும் ஒரு விலை வையுங்கள்: செத்தால் விளையாட்டில் சேர்த்த ஆறு மாத உழைப்பு அத்தனையும் போய்விட வேண்டும். அப்புறம், பக்கத்துக்குப் பக்கம் வரும் அந்தப் புள்ளிப் பட்டியல்களை, அதாவது பாத்திரங்களின் பலத்தை எண்களில் காட்டும் பட்டியல்களைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.