அப்பாவை இங்கே கூட்டி வரலாமா என்று கேட்ட அம்மாபேட்டைத் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வேலைக்கு வருகிறேன், வீட்டு வாடகை எவ்வளவு, பையனுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குமா, குளிருக்கு என்ன எடுத்து வர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "அப்பாவுக்குப் போன மாசம்தான் பார்க்கின்சன்னு சொன்னாங்க. அம்மாபேட்டையில அம்மாவும் அவரும் மட்டும்தான். ஆறு மாசம் கழிச்சுக் கூட்டி வந்துடலாமா அக்கா?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் நம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். குளிர் கோட்டு மட்டும் சேலத்தில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள்.

நானும் சேலம் அம்மாபேட்டைதான். 2005 நவம்பரில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினேன். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள் நானும் குழந்தையும்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காலிங் கார்டைச் சுரண்டி ஊருக்குப் போன் போடுவதுதான் அந்த வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசும் பேச்சு. அப்பா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். "சத்தமா பேசுங்கப்பா, லைன் சரியில்ல" என்பேன். கார்டை மாற்றிப் பார்த்தேன். அதிக விலைக் கார்டு வாங்கினேன். மூன்று வருஷம் லைனைத்தான் குறை சொன்னேன். அவருக்கும் பார்க்கின்சன், குரல் தேய்வது அந்த மூளை நரம்பு நோயின் அறிகுறி என்று 2009-இல் டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே அப்பாவின் கையெழுத்து எறும்பு எறும்பாகச் சிறுத்துப் போயிருந்தது. மல்கோவா மாம்பழத்தை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, "இந்த வருஷம் பழத்துல வாசனையே இல்ல" என்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கை நடுக்கம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. சிலருக்கு அது வருவதே இல்லை. அதனால்தான் "கை நடுங்கல, அப்ப பார்க்கின்சன் இல்ல" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கூட்டி வரும் விஷயம். நான் கூட்டி வந்தேன். 2011 ஏப்ரலில், பார்வையாளர் விசாவில், ஆறு மாதத்துக்கு. அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குப் போய் யார் யார் அப்பா அம்மாவையோ குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், என் அப்பா காலையில் நான் உட்கார வைத்த அதே நாற்காலியில் அப்படியே இருப்பார். டீ ஆறி மேலே ஆடை படிந்திருக்கும். மாடிப்படி ஏற இறங்கப் பயம். வெளியே போனால் பேச ஆள் இல்லை. அம்மாபேட்டையில் திண்ணையில் உட்கார்ந்தால் பத்து பேர் "என்னங்க முதலாளி" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாவது மாதத்திலேயே பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது.

தம்பி, மருந்துக்கு அடுத்தபடி இந்த நோய்க்காரரை நிமிர்த்தி வைப்பது மனுஷ நடமாட்டம்தான். அதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்துத் தெரு பாட்டியம்மா ஒருவர். அவர் வீட்டுக்காரருக்கும் அதே நோய். ஒரு வியாழக்கிழமை எங்களை அவர்கள் குழு கூடும் சர்ச் ஹாலுக்குக் கூட்டிப் போனார். இந்த நாட்டில் பார்க்கின்சன்ஸ் யூகே என்று ஒரு சங்கம் இருக்கிறது. தன் உடன்பிறந்தவளுக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்து மாலி ஜென்கின்ஸ் என்ற பெண்மணி 1969-இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் அதன் குழுக்கள் உண்டு. உடற்பயிற்சி, பாட்டு, நடனம், பிறகு டீயும் பிஸ்கட்டும். கவனித்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் இன்னொரு மூலையில் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற பார்க்கின்சன் நர்ஸுகளும் இந்த நாட்டில் உண்டு.

அன்றைக்கு ஹால் வாசலில் அப்பாவின் கால் நின்றுவிட்டது. இந்த நோயில் அப்படித்தான், நிலைப்படி, குறுகலான இடம், திரும்புகிற இடம் வந்தால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அது தப்பு, இழுத்தால் முகம் குப்புற விழுவார்கள், நீங்கள் செய்யாதீர்கள். உள்ளேயிருந்து கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் கை நடுக்கம். தன் கைத்தடியை அப்பாவின் பாதத்துக்கு முன்னால் தரையில் குறுக்காக வைத்தார். அப்பா தடியைப் பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டினார். அப்புறம் அடுத்த கால். ஹாலுக்குள் நடந்தே போய்விட்டார். நான் சமையலறைப் பக்கம் போய்க் கப்புகளைக் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

தானாக நடக்க வைக்கிற பகுதி மூளையில் தளர்ந்துபோனாலும், கண்ணுக்கு முன்னால் ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால் மூளை வேறு வழியில் காலை எடுத்து வைக்கிறது. இதை அப்பா தானே கண்டுபிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். பயிற்சி சொல்லித் தந்த பெண் சின்ன டிரம் தட்டினாள், எல்லாரும் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்தார்கள். காரில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "பாப்பா, இது மிதிகட்டை மாதிரியே இருக்கு." நாற்பது வருஷம் குழித்தறியில் வெண்பட்டு நெய்தவர். ஒரு கால் இறங்கினால் மறு கால் ஏறும், நாடா அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும். அதற்குப் பிறகு வீட்டில் கால் நின்றால் நான் மேஜையில் "டக்கு, டக்கு" என்று தறிச் சத்தம் தட்டுவேன். கால் கிளம்பிவிடும்.

இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல் அந்த நாலு மாதமும் வியாழன் தவறாமல் போனார். குரலுக்காக ஒன்று முதல் இருபது வரை கத்தி எண்ணச் சொல்வார்கள். அவர் தமிழில் எண்ணுவார். கடைசி வாரம் எல்லாரும் அவரோடு சேர்ந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்தினார்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் கூட்டி வந்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பார்வையாளராக வந்தால் பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். குடும்ப டாக்டரைக் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைத்தால் பணம் கிடைக்காது. நிரந்தரமாகக் கூட்டி வரும் வழியை 2012 ஜூலையில் மிகவும் இறுக்கிவிட்டார்கள். அன்றாட வேலைக்கே துணை வேண்டும், அந்தத் துணை ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். வேலை விசாவில் வருகிற நீங்கள் அதற்குக் கேட்கவே முடியாது. ஏஜென்ட் யாராவது முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் கோபம் உண்டு. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாப்பிள்ளையின் அம்மா என்று முறை போட்டு வரவழைக்கிறார்கள். அதே அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் பொங்கல் விழாவுக்குக் கூட்டி வருவதில்லை. நாலு பேர் பார்த்துவிடுவார்களாம், பிறகு பெண்ணைக் கட்டுவதற்கு யோசிப்பார்களாம். என் கண்ணெதிரே இரண்டு வீடுகளில் இது நடந்தது. குழுவுக்கு வாருங்கள் என்று நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். "எங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை" என்றார்கள். பழக்கம் யாருக்கும் இல்லை தம்பி. நானும் பழகிக்கொண்டதுதான்.

அப்பாவைத் திருப்பி அனுப்பினேன். அதோடு நான் கற்றதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுப்படியிலிருந்து கழிவறை வரை ஒரு அடிக்கு ஒரு கோடு வீதம் அம்மா கோலமாவில் போட்டார். அழிந்து அழிந்து போனதால் பிறகு மஞ்சள் டேப் ஒட்டினார். அப்புறம் மருந்துக் கடைக்காரர் ஒருநாள், "இதே சின்டோபா மாத்திரை வாங்குறவங்க இந்தச் சுத்துல இன்னும் மூணு வீடு இருக்குங்கம்மா, பேசிப் பாக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு சேர்த்து வைத்ததும் அவர்தான். தறியை விற்றாகிவிட்டது, தறிக்குழிக்கு மேலே பலகை போட்டு மூடிய இடம் சும்மா கிடந்தது. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நாலு குடும்பம் அங்கே கூட ஆரம்பித்தது. பந்து எறிந்து பிடிப்பது, கைதட்டிப் பாடுவது, சத்தமாக எண்ணுவது. கடைசியில் தட்டுவடை செட். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மட்டும் இட்லி, நிமிர்ந்து உட்கார வைத்து, பேச்சுக் கொடுக்காமல்.

கிளம்புவதற்கு முன் நீங்கள் முடிக்க வேண்டிய வேலை ஊரில்தான் இருக்கிறது. முதலில் மாத்திரை நேரம். சின்டோபா மாதிரியான லெவோடோபா மாத்திரைக்குக் கடிகாரம்தான் உயிர். அப்பா ஒருமுறை காய்ச்சலுக்காக ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தார். ரவுண்ட்ஸ் வரும்போது கொடுக்கிறோம் என்று இரண்டு மணி நேரம் தாமதித்தார்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். அது இந்த நோய்க்காரருக்கு ஆகாது, உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான டோபமைன் வேலை செய்வதைத் தடுக்கும். மூன்று நாள் கட்டை மாதிரி கிடந்தார். இங்கே "சரியான நேரத்தில் மாத்திரை" என்று பெரிய இயக்கமே நடத்துகிறார்கள். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள தர விதி. ஆகவே மாத்திரையின் வேதிப்பெயர், அளவு, நேரம், ஆகாத மருந்து எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். பாலோடு மாத்திரை போடும் வழக்கம் இருந்தால் மாற்றுங்கள். பாலில் இருக்கும் புரதம் அந்த மருந்தைச் சரியாக ஏறவிடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தண்ணீரில் போடுவது நல்லது, குமட்டினால் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி அடையாள அட்டைக்குப் பதிந்துவிடுங்கள். அம்மாவைத் தனியாக அலைய விடாதீர்கள், நீங்கள் ஊரில் இருக்கும்போதே கூடப் போங்கள். மும்பையில் 2001-இல் தொடங்கிய பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி நம் நாட்டில் பல ஊர்களில் இதே மாதிரிக் குழுக்கள் நடத்துகிறது, அவர்களோடும் பேசுங்கள்.

பிறகு ஒரு கோடையில் அப்பாவை இங்கே கூட்டி வாருங்கள், பேரனைப் பார்த்துப் போகட்டும். வியாழக்கிழமைக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.

என் அப்பா 2017-இல் போய்விட்டார். அம்மா இன்னும் செவ்வாய்க்கிழமை பலகையைத் துடைத்து நாற்காலி போட்டு வைக்கிறார். இப்போது ஏழு குடும்பம் வருகிறது. உங்கள் அப்பா எந்தத் தெரு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், இந்த வாரமே அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.