பாண்டாவை மடியில் வைத்துப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: ஜூன் மாதம் என் தாயாருடன் சீனாவின் செங்டு நகருக்குச் செல்லவிருக்கிறேன். தனிக் கட்டணம் செலுத்தினால் பாண்டாவை மடியில் வைத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்வதாகப் பயண முகவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? தாயார் சுத்த சைவம். அங்கே உணவுக்குச் சிரமம் இருக்குமா?

பதில்: நம்பாதீர்கள், முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். காட்டிலிருந்து மீட்கப்பட்ட 6 பாண்டாக்களுடன் 1987-ல் தொடங்கிய செங்டு ஆய்வு மையத்தில் ஒரு காலத்தில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு குட்டியை மடியில் வைக்க அனுமதித்தது உண்மைதான். அந்தப் பழைய படங்களைக் காட்டித்தான் முகவர்கள் இன்றும் வியாபாரம் செய்கிறார்கள். இப்போது அது கிடையாது. 2014-ன் இறுதியில் ஷான்ஸி மாநில மீட்பு மையம் ஒன்றில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவிப் பாண்டாக்கள் இறந்தன என்பதை நினைத்தால், வெளியாட்களை ஏன் தள்ளி நிறுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லி உங்களை மயக்கப் பார்ப்பார்கள்: தன்னார்வலர் திட்டம். செங்டுவுக்கு அருகே துஜியாங்யான் மையத்தில் அப்படி ஒரு திட்டம் நடந்திருக்கிறது. கட்டணம் செலுத்திவிட்டுக் கூண்டைக் கூட்டுவதும் மூங்கில் சுமப்பதும்தான் அங்கே உங்கள் வேலை. நடக்கிறதா, இடமிருக்கிறதா என்பதை மையத்திடமே நேரடியாகக் கேட்க வேண்டும். அது நடந்தாலும் தன்னார்வலர் என்பதற்குத் தூக்கிக் கொஞ்சலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

செங்டு ஆய்வு மையத்தின் நுழைவுச்சீட்டு 55 யுவான்தான். கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நம்மில் பலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்க, சீனச் செயலிகளோ அதைக் கட்டாயம் நிரப்பச் சொல்லும். உலகில் எல்லோருக்கும் இரண்டு பெயர் இருக்கும் என்று முடிவு கட்டிய மென்பொருளாளரை என்ன சொல்வது! விடுதி வரவேற்பாளரிடம் உதவி கேட்பது முகவரிடம் போவதைவிட மேலானது. காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள். 26 டிகிரியைத் தாண்டினால் பாண்டாக்களைக் குளிரூட்டிய அறைக்குள் அடைத்துவிடுவார்கள். ஜூனில் அந்த வெப்பம் சீக்கிரமே வந்துவிடும். மலிவான ஒருநாள் சுற்றுலா என்று அழைப்பவரிடம், வழியில் எத்தனை ஜேட் பச்சைக்கல் கடைகளில் வண்டி நிற்கும் என்று முதலில் கேளுங்கள்.

உணவில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. மாப்போ டோஃபு என்ற உணவு வெறும் சோயாப் பாலாடைக்கட்டிபோலத் தெரியும். மேலே தூவியிருப்பது பெரும்பாலும் கொத்திய மாட்டிறைச்சி. காய்கறி வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு சேரலாம். 'வோ ச்சர் சூ', அதாவது நான் சைவம் சாப்பிடுபவர் என்பதைச் சீன எழுத்தில் எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கொழுப்பும் எலும்புச் சாறும் கூடாது என்று அதிலேயே சேர்த்துக் காட்டுங்கள். நகருக்குள் இருக்கும் வென்ஷு மடாலயத்தின் பௌத்த உணவகம் தாயாருக்கு நிம்மதி தரும். அங்கே மீன்போலவும் வாத்துபோலவும் தட்டில் வருபவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.