கண்ணைத் தாழ்த்தினால் பொய்யா?

கேள்வி: உவர்மலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை கல்லாவில் 4,500 ரூபாய் குறைந்தது. அன்று நின்ற பெடியனைக் கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி, காதைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது முதலாளி" என்றான். பொய் சொல்கிறானா என்று உடல்மொழியை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், திருகோணமலை

பதில்: முடியாது. காதைச் சொறிந்ததற்காக ஒரு பிள்ளையைக் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள். முதலாளிக்கு முன் கண்ணைத் தாழ்த்துவது எங்கள் பக்கம் மரியாதை. சந்தேகம் தன்மேல் விழுந்துவிட்டது என்ற பயத்தில் குற்றமில்லாதவனுக்கும் வாய் உலரும், கை நடுங்கும். பொண்ட், டிபோலோ என்ற இரு உளவியலாளர்கள், 24,000க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த ஆய்வுகளை 2006இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பொய்யா மெய்யா என்று மக்கள் சொன்ன தீர்ப்புகளில் சரியானவை நூற்றுக்கு 54. பூவா தலையா போட்டாலே 50 வரும்.

முகத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 4,500 என்ற தொகையே ஒரு தடயம்: 5,000இல் 500 போனால் 4,500. 500 ரூபாய்த் தாள் என்று நினைத்து 5,000 தாளை மிச்சக்காசோடு நீட்டியிருக்கலாம். தம்புள்ளை மரக்கறி லொறிக்கு 5,000 கொடுத்துவிட்டுக் கொப்பியில் ஒரு பூச்சியத்தை விட்டு எழுதியிருக்கலாம். குறைகிற தொகை 9ஆல் மிச்சமில்லாமல் பிரிந்தால், கணக்கு எழுதுபவர்கள் முதலில் இலக்கப் பிழையைத்தான், அதாவது பூச்சியம் விடுபட்டதா, இலக்கங்கள் இடம்மாறினவா என்றுதான் தேடுவார்கள்.

அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால், ஆட்கள் இல்லாத நேரம் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். "எடுத்தியா?" என்று தொடங்கினால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "பின்னேரம் 4 மணியிலிருந்து கடை பூட்டும்வரை என்ன நடந்தது, ஒன்றும் விடாமல் சொல்லு" என்று கேட்டுவிட்டு, இடையில் பேசாதீர்கள். அவன் நிறுத்திய பிறகும் கொஞ்சம் பொறுங்கள். மீதி அப்போது வரலாம். பிறகு பூட்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சின்னச் சின்ன வேறுபாடுகள் வரும், ஞாபகம் அப்படித்தான். கவனிக்க வேண்டியது சரிபார்க்கக்கூடிய விவரங்களை: யார் வந்தது, எந்தப் பில், எத்தனை மணிக்கு ரீலோட் போட்டான். பொய் சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தொடாமல் நழுவுவார்கள்.

பில்லோ கமெராப் பதிவோ கையில் இருந்தால் முதலில் காட்டாதீர்கள். காட்டினால், எடுத்தவன் அதற்குப் பொருந்தக் கதை கட்டுவான். முழுவதும் சொல்லி முடித்தபின், பதிவோடு ஒத்துவராத இடத்தை மட்டும் காட்டி, "இது எப்படி?" என்று கேளுங்கள். எடுக்காதவனிடமும் அதற்கு ஒரு விளக்கம் இருக்கக்கூடும். அதைச் சொல்லி முடிக்க விடுங்கள்.