ரயிலடி கேள்வி-பதில்: ஸ்காட்லாந்தின் கோட்டைகளும் தோட்டங்களும்

கேள்வி: எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு ஸ்காட்லாந்தில் ‘ராயல் ஸ்காட்ஸ்மன்’ சொகுசு ரயிலில் போய் வரச் சொல்கிறார்கள் பிள்ளைகள். கோட்டைகளும் தோட்டங்களும் காட்டுவார்களாம். கட்டணத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கோட்டைகளைப் பார்க்க முடியுமா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?
– ஒரு வாசகி

பதில்: உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது அம்மா. பெரும்பாலான கோட்டைகள் தண்டவாளத்திலிருந்து தள்ளி, மரங்களுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. ரயில் ஒரு ஸ்டேஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து பேருந்தில் கூட்டிப்போவார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறினால் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் ஜன்னலில் வேறு விஷயம் இருக்கிறது. எடின்பரோ வேவர்லி ஸ்டேஷனில் பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்திய இசையோடு வழியனுப்புவார்கள். வடக்கே திரும்பினால் சிறிது நேரத்திலேயே ஃபோர்த் பாலம் வரும். 1890-ல் திறந்த, இரண்டரை கிலோமீட்டர் நீள எஃகுப் பாலம். 1879-ல் டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு சரிந்து விழுந்த பிறகு கட்டியது என்பதால், இனி எந்தக் காற்றும் அசைக்கக் கூடாது என்ற வைராக்கியம் அதன் ஒவ்வொரு குழாயிலும் தெரியும். வண்டியின் கடைசிப் பெட்டியில் திறந்த வராந்தா உண்டு. பாலத்தை அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும்.

பெட்டிகள் பெரும்பாலும் 1960-ல் கட்டிய ‘புல்மன்’ என்ற சொகுசுப் பெட்டிகள். உள்ளே முழுக்க மர வேலைப்பாடு. ஏறக்குறைய 40 பேர்தான் பயணிகள். அறைக்குள்ளேயே குளியலறை. இரவு விருந்துகளில் ஒன்றாவது முறைப்படி உடுத்திக்கொண்டு வர வேண்டியதாக இருக்கும். பட்டுப்புடவை எடுத்துப் போங்கள், அங்கே அதற்கு ஈடான உடை இல்லை. ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்த எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்தது வேறு: இரவில் இது ஓடாது. ஏதாவது ஓர் அமைதியான இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ராத்ஸ்பே நீராவி ரயில்பாதையிலுள்ள ‘போட் ஆஃப் கார்டன்’ ஸ்டேஷன் அப்படி ஓர் இடம். குலுக்கல் இல்லாமல் தூங்கி, மலைக்காற்றில் எழுந்திருக்கலாம். வயதானவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தகுமா என்றால், ஒருவருக்குப் பல ஆயிரம் பவுண்டு. பிள்ளைகள் மனமுவந்து தருகிறார்கள் என்றால் போய் வாருங்கள். ஆனால் பதிவு செய்யும் முன் ஒன்றை விடாமல் கேளுங்கள்: ஒவ்வொரு கோட்டையிலும் எத்தனை மணி நேரம்? அதில் தோட்டத்துக்கு எவ்வளவு? பயணத்திட்டம் வருடத்துக்கு வருடம் மாறும். விஸ்கி ஆலை, துப்பாக்கி சுடுதல், கோட்டை என்று ஒரே பிற்பகலில் அடுக்கிவைத்தால் முதலில் அடிபடுவது தோட்டம்தான். சுவர்களைச் சுற்றிக் காட்டிவிட்டு ‘நேரமாகிவிட்டது’ என்று பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். நான் தோட்டத்தின் பக்கம். கோட்டைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் தோட்டத்துக்கு இரண்டு வேண்டும்.

கேள்வி: ஐயா, அவ்வளவு பணம் என்னிடம் கிடையாது. சாதாரண ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய கோட்டைகள் உண்டா?
– ஒரு மாணவர்

பதில்: உண்டு தம்பி. தண்டவாளம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெர்த்திலிருந்து இன்வர்னஸ் போகும் வண்டியில் முக்கால் மணி நேரத்தில் பிளேர் அத்தோல். ஸ்டேஷனிலிருந்து நடந்தே பிளேர் கோட்டைக்குப் போகலாம். லண்டனிலிருந்து இரவு கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பரும் அங்கே நிற்கும். வெள்ளை வெளேரென்ற கோட்டை. பிரிட்டனில் கடைசியாக முற்றுகைக்கு உள்ளான கோட்டை இது: ஸ்டூவர்ட் அரச குலத்தை மீண்டும் அரியணை ஏற்றப் போராடிய ஜேக்கபைட் படையின் தலைவர் ஜார்ஜ் மரே, அரசுப் படை தங்கியிருந்த இதை 1746-ல் வந்து வளைத்துக்கொண்டார். அது அவர் பிறந்த குடும்பத்தின் வீடு! சொந்த அண்ணனின் கூரை மீது குண்டு போட வேண்டிய நிலைமை. உள்நாட்டுப் போர் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை அந்தக் கூடத்தில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

போர் ஓய்ந்ததும் கோபுரங்களைக் கழித்துவிட்டு அதைச் சாதாரண மாளிகையாக மாற்றிக்கொண்டார்கள். இன்று படத்தில் காணும் கொத்தளமும் கூர்கோபுரமும் 1869-க்குப் பிறகு டேவிட் பிரைஸ் என்ற கட்டடக் கலைஞர் திரும்ப வைத்தவை. அந்த ஊருக்கு ரயில் வந்ததோ 1863-ல். அதாவது, பழங்காலம் என்று நாம் வியக்கும் அந்தத் தோற்றத்தைவிட ரயில்பாதைக்கு வயது கூடுதல். ஸ்காட்லாந்துக் கோட்டைகள் பலவற்றின் கதை இதுதான். அரச குடும்பத்தின் பால்மொரல் கோட்டை 1856-ல் முடிந்தது. அட்டைப்படங்களில் எல்லாம் வரும் ஐலியன் டோனன் 1719-ல் போர்க்கப்பல்கள் தாக்கிப் பிடித்து வெடிமருந்தால் தகர்த்த பிறகு இருநூறு வருடம் கற்குவியலாகக் கிடந்து, 1932-ல்தான் மறுபடி எழுந்து முடிந்தது. ஆகவே ரயிலில் போய்க் கோட்டை பார்ப்பது பொருந்தாத சேர்க்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

அதற்குக் கண்கண்ட சாட்சி டன்ராபின் கோட்டை. இன்வர்னஸுக்கு வடக்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சதர்லாந்து மூன்றாம் டியூக் தன் சொந்தப் பணத்தில் ரயில்பாதை போட்டு 1870-ல் ஓட்டினார். கோட்டைக்கென்றே ஒரு ஸ்டேஷன். இன்றும் இருக்கிறது, மர வேலைப்பாட்டோடு சின்னதாக, 1902-ல் கட்டிய கட்டடத்துடன். கோடைக்காலத்தில் மட்டும், கேட்டுக்கொண்டால்தான் வண்டி நிற்கும். இறங்குவதை நடத்துநரிடம் முன்பே சொல்ல வேண்டும், ஏறுவதற்கும் ஓட்டுநருக்குத் தெரியப்படுத்த வேண்டும். டியூக் குடும்பத்துக்குச் சொந்த எஞ்சினும் சொந்தப் பெட்டியும் இருந்தன. அது ஒற்றைப் பாதை. எதிரே வேறு வண்டி வராது என்று உறுதிசெய்து உள்ளே நுழைய விடும் அனுமதிதான் டோக்கன். ஓட்டுநருக்கு அது ரேடியோ வழியாகவே வருகிறது. கையால் டோக்கன் கொடுத்து வாங்கிய தலைமுறைக்காரன் நான். அதைக் கண்டு மலைத்து நின்றேன்.

கோட்டையின் பிரெஞ்சுக் கோபுரங்களும், கீழே கடலை ஒட்டி வெர்சாய் பாணியில் வட்டமும் சதுரமுமாக வகுத்த தோட்டமும் 1850 வாக்கில் சார்லஸ் பாரி அமைத்தவை. லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. மேல்தளத்திலிருந்து பார்த்தால் தரையில் விரித்த கோலம்.

இவ்வளவு அழகையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. பக்கத்து ஊர் கோல்ஸ்பிக்கு மேலே மலையுச்சியில் ஒரு பெரிய சிலை நிற்கும். முதலாம் டியூக்கின் சிலை. அவரும் அவர் மனைவியும் ஆண்ட காலத்தில், ஆடு மேய்ச்சலுக்காக ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடியானவர்களை விரட்டினார்கள். 1814-லும் 1819-லும் வீடுகளுக்குத் தீ வைத்தே கிளப்பினார்கள். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் கனடா வரை சிதறிக் கிடக்கிறார்கள். தோட்டத்தை ரசியுங்கள், குறையில்லை. தலையை நிமிர்த்தி அந்தச் சிலையையும் பாருங்கள்.

கேள்வி: கோட்டை என்றால் போருக்கானது. அங்கே பூந்தோட்டம் எதற்கு?
– ஒரு வாசகர்

பதில்: முதலில் வயிற்றுக்குத்தான். அத்தனை பேருக்கும் காய்கறி, பழம், மருந்துச்செடி வேண்டுமே. சுவர் எழுப்பியதற்கும் அதுவே காரணம்: காற்றைத் தடுக்கும், பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடுக்கும், குளிர் நாட்டில் பழம் பழுக்கும். பிளேர் கோட்டையின் ஹெர்குலிஸ் தோட்டம் ஒன்பது ஏக்கர், சுற்றிலும் சுவர். போர் பயம் போன பிறகு கையில் காசும் காலமும் மிஞ்சின; மரம் நடுவது அந்தப் பிரபுக்களுக்குப் பித்தாகவே ஆனது. பிளேர் கோட்டையின் சொந்தக்காரர்களான அத்தோல் டியூக்குகள் லார்ச் என்ற ஊசியிலை மரங்களை லட்சக்கணக்கில் நட்டார்கள். ஆள் ஏற முடியாத பாறைகளில் விதையைப் பீரங்கியில் அடைத்துச் சுட்டு விதைத்தார் ஒருவர் என்று டன்கெல்ட் பக்கம் சொல்வார்கள். பீரங்கிக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

தோட்டம் என்றால் நான் முதலில் கைகாட்டுவது கோட்டையே இல்லாத ஓர் இடத்தை: மேற்குக் கடலோரத்தில் இன்வெரூ. 1862-ல் ஆஸ்குட் மெக்கன்சி என்ற இளைஞருக்கு அவர் தாயார் வாங்கிக்கொடுத்த நிலம். வெறும் பாறை, மரம் என்று சொல்லக் குள்ள வில்லோ புதர்தான். மண்ணே கூடையில் சுமந்து கொட்டினார்கள். முதலில் அவர் பூச்செடி வைக்கவில்லை. கடற்காற்றைத் தடுக்கப் பைன் மரங்களை வரிசையாக நட்டுவிட்டு, அவை வளரப் பல வருடம் காத்திருந்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொடுவதால் உறைபனி குறைவு. மாஸ்கோவைவிட வடக்கே இருக்கும் அந்த மண்ணில் இமயமலையின் ரோடோடென்ட்ரான் பூமரமும் தாஸ்மேனியா யூகலிப்டஸும் நிற்கின்றன. 1952-ல் அவர் மகள் தோட்டத்தை பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தார். ரயிலில் ஆக்னஷீன் வரை போய், அங்கிருந்து சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?
– பலர்

பதில்: மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம். ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், ஜூனில் இன்வர்னஸில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு பூச்சி கூட்டமாகக் கடிக்கும். மேற்குக் கரையில் கூடுதல். குளிர்காலத்தில் பல கோட்டைகள் பூட்டிக் கிடக்கும், டன்ராபின் ஸ்டேஷனும் இயங்காது. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு வேண்டும். குடை அந்தக் காற்றுக்குத் தாங்காது.