‘டு மை ஹேப்பினஸ்’ ஏன் காதில் உறுத்துகிறது?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘டு மை ஹேப்பினஸ், தி பிளான் வாஸ் அப்ரூவ்டு’ என்று எழுதினேன். மேலாளர் அடித்துத் திருத்திவிட்டார். ‘டு மை சர்ப்ரைஸ்’ சரி என்றால் இது மட்டும் எப்படித் தவறு? கேட்டால், ‘அப்படி யாரும் சொல்வதில்லை’ என்கிறார். இதற்கு விதி ஏதாவது உண்டா? உணர்ச்சியைச் சொல்ல வரும்போதெல்லாம் என் ஆங்கிலம் தடுமாறுகிறது.

பதில்: மேலாளர் திருத்தியது சரிதான். காரணத்தையும் ஓரளவு சொல்ல முடியும். ‘டு மை…’ என்று தொடங்கும் தொடர், ஒன்று நடந்ததும் மனத்தில் என்ன எழுந்தது என்பதைக் காட்டுகிறது. அதனால் ஒரு நிகழ்ச்சியின் எதிர்வினையாகச் சட்டென்று எழும் உணர்ச்சிகளின் பெயர்களே அதில் பொருந்துகின்றன: சர்ப்ரைஸ் (வியப்பு), அஸ்டானிஷ்மெண்ட் (திகைப்பு), ரிலீஃப் (‘அப்பாடா’ என்ற நிம்மதி), டிலைட் (பெருமகிழ்ச்சி), டிஸ்அப்பாயிண்ட்மெண்ட் (ஏமாற்றம்), டிஸ்மே (கலக்கம்), ஹாரர் (பதைப்பு), எம்பாரஸ்மெண்ட் (கூச்சம், சங்கடம்), அனாயன்ஸ் (எரிச்சல்). ‘ஹேப்பினஸ்’, ‘சேட்னஸ்’ இரண்டும் நாள்கணக்கில் நீடிக்கக்கூடிய மனநிலைகள். அவை இந்த இடத்தில் ஒட்டுவதில்லை. கோபத்தைச் சொல்ல ‘ஆங்கர்’ என்பதைவிட ‘அனாயன்ஸ்’ இயல்பாக விழும்.

இது முழு விதி என்று நினைத்துவிட வேண்டாம். ‘டு மை ஷேம்’, ‘டு மை ரிக்ரெட்’ என்பவையும் வழக்கில் உண்டு; வெட்கமும் வருத்தமும் நொடியில் மறைபவையா என்ன? வழக்கில் இருப்பது ஒரு சிறு பட்டியல்தான். மேலே உள்ளவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

உங்கள் வாக்கியத்தில் ‘ஹேப்பினஸ்’ இருந்த இடத்தில் ‘டிலைட்’ போட்டால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் நான் அப்படியும் எழுத மாட்டேன். ‘டு மை டிலைட்’ என்பதில் கதை சொல்லும் தொனி இருக்கிறது. அலுவலக மின்னஞ்சலுக்கு ‘ஐ ஆம் ஹேப்பி டு சே தட் தி பிளான் ஹேஸ் பீன் அப்ரூவ்டு’ என்பதே பொருத்தம்.

இந்தத் தொடரைக் கையாளும்போது தவறு நேரும் இடங்கள் சில. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அதன்பின் காற்புள்ளி வேண்டும். நடுவில் வந்தால் இருபுறமும் வேண்டும்: ‘ஷி, டு மை சர்ப்ரைஸ், அக்ரீட்’. அழுத்தம் கூட்ட ‘டு மை கிரேட் ரிலீஃப்’ அல்லது ‘மச் டு மை ரிலீஃப்’ என்பார்கள். ‘டு மை வெரி ரிலீஃப்’ என்று சொல்ல முடியாது. ‘மை’ இருக்கும் இடத்தில் ‘ஹிஸ்’, ‘அவர்’ (‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்), ‘எவ்ரிஒன்ஸ்’ எதுவும் வரலாம். உரியவரைக் குறிக்கும் சொல் நீளமானால் அதைப் பின்னால் தள்ளுவது நல்லது: ‘டு தி சர்ப்ரைஸ் ஆஃப் தி ஹோல் டீம்’. கட்டளை வாக்கியத்தோடு இது சேராது; நடந்ததைச் சொல்லும் வாக்கியமே இதன் இடம்.

இலக்கணப் பிழையைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ‘டு மை சர்ப்ரைஸ்’ என்றால் ‘நான் எதிர்பார்த்ததற்கு மாறாக’ என்று பொருள். சக ஊழியரைப் பாராட்டுவதாக நினைத்து ‘டு மை சர்ப்ரைஸ், யு ஃபினிஷ்டு ஆன் டைம்’ என்று எழுதினால், ‘நீ முடிக்கமாட்டாய் என்றுதான் நினைத்தேன்’ என்று குத்திக்காட்டியதாகிவிடும். ‘ரிலீஃப்’ சொல்லும்போது, அதற்குமுன் ஒரு கவலை இருந்தது என்பதும் கூடவே வெளிப்படுகிறது. ஒருவரைப் பாராட்ட ‘ஐ வாஸ் இம்ப்ரெஸ்டு’ என்பதே பாதுகாப்பு.

உங்கள் தடுமாற்றத்தின் வேர் தமிழில் இருக்கிறது. நாம் ‘எனக்குக் கோபம் வந்தது’, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்கிறோம். உணர்ச்சி எங்கிருந்தோ வருகிறது. நான்காம் வேற்றுமையில் நிற்கும் ‘எனக்கு’ அதை வாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் உணர்பவரே எழுவாய்: ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ ஆம் ஸ்கேர்டு’. ‘கோபம் வந்தது’ என்றால் ‘காட்’, ‘கோபமாக இருந்தேன்’ என்றால் ‘வாஸ்’. இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி சிக்கல் தீரும். இன்னொரு வழி, நிகழ்ச்சியை எழுவாயாக்கி, உணர்பவரைச் செயப்படுபொருளாக்குவது: ‘தி நியூஸ் ஷாக்டு மீ’. ‘எனக்கு’ என்பதை அப்படியே பெயர்த்து ‘டு மீ சர்ப்ரைஸ்’ என்று எழுதுவது இந்த இரண்டு வழியிலும் சேராது. சொந்தம் காட்டும் ‘மை’தான் அங்கே வரவேண்டும்.

அடுத்து, ‘ஐ ஆம் எக்ஸைட்டிங்’ என்ற பழைய பிழை. ‘இங்’ என்று முடிவது உணர்ச்சியைத் தூண்டுவது. ‘எட்’ என்று முடிவது அதற்கு ஆளானது. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் மற்றவர்களை அறுப்பவன் நான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சரியானது ‘ஐ ஆம் போர்டு’. ஆனால் எல்லாச் சொற்களும் இந்த ஜோடியில் அடங்குவதில்லை. ‘டிலைட்டட்’ என்பதற்கு எதிர்ப்பக்கம் ‘டிலைட்ஃபுல்’. ‘ஸ்கேர்டு’ என்பதற்கு ‘ஸ்கேரி’. ‘இம்ப்ரெஸ்டு’ என்பதற்கு ‘இம்ப்ரெசிவ்’. ‘ஸ்ட்ரெஸ்டு’ என்பதற்கு ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. செய்தி நிம்மதி தந்தது என்று சொல்ல ‘ரிலீவிங்’ வராது. ‘இட் வாஸ் எ ரிலீஃப்’ என்றே சொல்வார்கள்.

உணர்ச்சிச் சொல்லுக்குப் பின் வரும் சிறு சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லோடு சேர்த்தே படியுங்கள். ஒருவர்மீது கோபம் ‘ஆங்ரி வித்’, ஒரு விஷயத்தில் கோபம் ‘ஆங்ரி அபவுட்’. ‘ப்ரவுடு ஆஃப்’, ‘அஷேம்டு ஆஃப்’, ‘வரீடு அபவுட்’, ‘சர்ப்ரைஸ்டு அட்’ அல்லது ‘பை’. ‘டிஸ்அப்பாயிண்டட் வித் தி ரிசல்ட்’ என்றால் முடிவில் ஏமாற்றம். ‘டிஸ்அப்பாயிண்டட் இன் யு’ என்றால் உங்கள்மீது வைத்த நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது என்று பொருள். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய தொடர் அது.

அகராதிப் பொருளை நம்பினால் ஏமாற்றும் தொடர்களும் உண்டு. ‘ஐ ஆம் அஃப்ரெய்டு தி ஃபைல் இஸ் மிஸ்ஸிங்’ என்பவருக்குப் பயம் எதுவும் இல்லை. கெட்ட செய்தியை நாசூக்காகச் சொல்கிறார், அவ்வளவுதான். ‘ஐ ஃபெல்ட் பேட்’ என்று நாம் மனம் புண்பட்டதைச் சொல்ல எழுதுகிறோம். கேட்பவர் அதைக் குற்ற உணர்ச்சியாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். புண்பட்டதற்கு ‘ஐ வாஸ் ஹர்ட்’. ‘ஐ ஆம் சாரி ஃபார் ஹிம்’ என்றால் அவருக்காகப் பரிதாபப்படுகிறேன் என்று பொருள். ‘டு மை நாலெட்ஜ்’ பார்வைக்கு ‘டு மை சர்ப்ரைஸ்’ போல இருந்தாலும் அதில் உணர்ச்சியே கிடையாது. ‘எனக்குத் தெரிந்தவரை’ என்பதே அதன் பொருள்.

கடைசியாக, ‘டு மை சர்ப்ரைஸ்’ வேண்டுமா, ‘சர்ப்ரைசிங்லி’ வேண்டுமா? முதலாவதில் வியப்பு உங்களுடையது என்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவதில் ‘யாராக இருந்தாலும் வியப்பார்கள்’ என்ற தொனி இருப்பதால் அறிக்கைகளுக்கு அது ஏற்றது. ‘சேட்லி’, ‘லக்கிலி’, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ ஆகியவற்றையும் இப்படி வாக்கியத்தின் தலையில் வைக்கலாம். ‘ஹேப்பிலி’ இடத்தைப் பொறுத்து மாறும்: ‘ஹேப்பிலி, நோ ஒன் வாஸ் ஹர்ட்’ என்றால் நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை, ‘ஹி வொர்க்டு ஹேப்பிலி’ என்றால் மகிழ்ச்சியாக வேலை செய்தான். ‘ஆங்ரிலி’ மட்டும் இந்த வேலைக்கு ஆகாது. ‘ஆங்ரிலி, தி பஸ் லெஃப்ட்’ என்று எழுதினால் கோபித்துக்கொண்டு கிளம்பியது பேருந்துதான்.